மிட்சுபிஷி நல்ல கம்பெனியா? இந்தக் கேள்வியை உருப்படியாகக் கேட்பது எப்படி

செகண்ட் ஹேண்டில் ஒரு பஜேரோவோ லான்சரோ விலைக்கு வரும். விலையும் கையைக் கடிக்காத மாதிரி இருக்கும். உடனே தெரிந்த நாலு பேரிடம் "மிட்சுபிஷி எப்படிங்க?" என்று கேட்போம். "பாலைவனத்துல ஓடி ஜெயிச்ச வண்டி, கண்ணை மூடிட்டு எடு" என்பார் ஒருத்தர். "ஊரை ஏமாத்துன கம்பெனி, அந்தப் பக்கமே போகாதே" என்பார் இன்னொருத்தர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். டக்கார் என்ற பாலைவனப் பந்தயத்தை 12 முறை ஜெயித்ததும், வாடிக்கையாளர் புகார்களை இருபது வருடத்துக்கும் மேலாக அரசாங்கத்தின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்ததும் ஒரே கம்பெனிதான்.

அதனால் மொட்டையாக "நல்ல கம்பெனியா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வருட வண்டி, எந்த நாட்டில் கட்டியது, உள்ளே இருப்பது எந்த எஞ்சின், நம் ஊரில் அதற்குப் பார்ட்ஸ் கிடைக்குமா என்று உடைத்துக் கேட்டால் ஓரளவு நம்பக்கூடிய பதில் வரும். அப்படி உடைத்துப் படிப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன். நிசானுக்கும் மஸ்டாவுக்கும் கூட இதே முறை ஒத்துவரும். மிட்சுபிஷியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஜப்பான் கார் கம்பெனிகளில் இந்த அளவுக்கு ஏறி இந்த அளவுக்கு இறங்கிய பேர் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

முதலில், எந்த மிட்சுபிஷி?

பேரைக் கேட்டதுமே வீட்டு ஏசி, ஆபீஸ் லிஃப்ட், வங்கி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். "ஏசி நல்லா உழைக்குது, காரும் நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு கணக்குப் போடுவோம். இந்தக் கணக்கை முதலில் அழித்துவிடுங்கள்.

1870ல் இவாசாகி யதாரோ என்பவர் தொடங்கிய கப்பல் தொழில்தான் இதற்கெல்லாம் வேர். அது சுரங்கம், கப்பல் கட்டும் தளம், வங்கி, விமானம் என்று படர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜீரோ போர் விமானத்தைச் செய்து கொடுக்கும் அளவுக்குப் பெரிதானது. போரில் ஜப்பான் தோற்றதும் இப்படிப்பட்ட குடும்பக் குழுமங்களை அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் கலைத்துவிட்டது. துண்டுகள் பிறகு தனித்தனி கம்பெனிகளாக எழுந்தன. மூன்று வைர முத்திரை மட்டும் எல்லோருக்கும் பொது. இன்றைக்கு மிட்சுபிஷி எலக்ட்ரிக் வேறு, ஹெவி இண்டஸ்ட்ரீஸ் வேறு, வணிகம் செய்யும் மிட்சுபிஷி கார்ப்பரேஷன் வேறு, கார் செய்யும் மிட்சுபிஷி மோட்டார்ஸ் வேறு. லாரி கூட 2003ல் ஃபூசோ என்று தனியாகப் பிரிந்து போய்விட்டது. இதில் பெரிய கூத்து பென்சில் கதை. யூனிபால் பேனா செய்யும் மிட்சுபிஷி பென்சில் கம்பெனிக்கும் இந்தக் குழுமத்துக்கும் எந்த உறவும் கிடையாது. அதே பேர், அதே மூன்று வைரம், ஆனால் குழுமத்துக்கு முன்பே 1903ல் அவர்கள் முத்திரையைப் பதிவு செய்துவிட்டார்கள்.

இது வெறும் துணுக்குச் செய்தி இல்லை. 2024ல் டிவிஎஸ் மொபிலிட்டியின் கார் விற்பனைத் தொழிலில் மிட்சுபிஷி பங்கு வாங்குகிறது என்று செய்தி வந்தபோது, "மிட்சுபிஷி கார் இந்தியாவுக்குத் திரும்பி வருது" என்று ஒரே பேச்சு. பங்கு வாங்க வந்தது வணிகக் கம்பெனி, கார் கம்பெனி இல்லை. அந்தச் செய்தியைக் காட்டி "இனிமே பார்ட்ஸ் எல்லாம் தாராளமா வரும் சார்" என்று ஒரு தரகர் உங்களிடம் பழைய பஜேரோவைத் தள்ளிவிட முடியும். எனவே எந்த ஜப்பான் பேரானாலும், கார் செய்யும் கம்பெனியின் சரியான பேர் என்ன, அதன் பங்கு யார் கையில் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்தை வைத்துக்கொண்டு சரித்திரத்தைப் படியுங்கள்

கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் இருக்கும் சரித்திரப் பக்கம் எப்போதும் 1917ல் தொடங்கும். அந்த வருடம் கோபே கப்பல் தளத்தில் மாடல் ஏ என்று ஒரு காரைச் செய்தார்கள், ஃபியட் கார் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு. ஜப்பானின் முதல் தொடர் உற்பத்திக் கார் என்று பெருமையாகச் சொல்வார்கள். மொத்தம் 22 கார்தான் செய்தார்கள், எல்லாம் கைவேலை, விலை கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார்கள். இந்த மாதிரி "நூறு வருடப் பாரம்பரியம்" எந்தக் கம்பெனி பேசினாலும் ரசித்துவிட்டுக் கடந்து போய்விடலாம், நாம் வாங்கப்போகும் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போருக்குப் பிறகு சில்வர் பிஜன் ஸ்கூட்டர், மூன்று சக்கர மிசுஷிமா வண்டி, 1953ல் வில்லிஸ் கம்பெனியின் லைசன்ஸில் ஜீப், 1960ல் மிட்சுபிஷி 500 என்ற சின்னக் கார் என்று போகிறது கதை. ஜீப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பஜேரோவுக்கு விதை அங்கேதான்.

நமக்கு வேண்டிய சரித்திரம் 1970ல் தொடங்குகிறது. அந்த வருடம்தான் மிட்சுபிஷி மோட்டார்ஸ் தனிக் கம்பெனி ஆனது. மறு வருடமே அமெரிக்காவின் கிரைஸ்லர் 15 சதவீதப் பங்கை வாங்கியது, கேலன்ட் கார் அமெரிக்காவில் டாட்ஜ் கோல்ட் என்ற பேரில் ஓடத் தொடங்கியது. இங்கிருந்து 90கள் வரை உள்ள காலத்தை எஞ்சினியர்களின் காலம் என்று சொல்லலாம். நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை அடக்க இரண்டு பேலன்ஸர் ஷாஃப்ட் வைக்கும் ஏற்பாட்டை 70களில் இவர்கள் தேற்றிக் காட்டினார்கள். போர்ஷே தன் 944 காருக்காக அந்த உரிமையைக் காசு கொடுத்து வாங்கியது. ஜெர்மன்காரன் ஜப்பான்காரனிடம் எஞ்சின் தொழில்நுட்பத்துக்குப் பணம் கட்டினான் என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

மற்றவர்களும் இவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். ஹூண்டாயின் முதல் சொந்தக் கார் போனி, 1975ல் உற்பத்திக்கு வந்தபோது அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் மிட்சுபிஷியுடையவை. மலேசியாவில் வளர்ந்த தமிழர்களுக்கு வீட்டின் முதல் கார் பெரும்பாலும் புரோட்டான் சாகாவாக இருந்திருக்கும். 1985ல் வந்த அந்தக் கார் அடிப்படையில் லான்சர் ஃபியோரேதான், மிட்சுபிஷி பக்கம் 30 சதவீதப் பங்கும் இருந்தது. ஒரு கம்பெனியின் எஞ்சினை எத்தனை பேர் வாங்கித் தங்கள் வண்டியில் போட்டார்கள் என்பது விளம்பரத்தைவிட நல்ல சாட்சி. இன்னொரு லாபமும் உண்டு. அந்த எஞ்சின்களுக்குப் பார்ட்ஸ் பல பேரில், பல விலையில் இன்றும் கிடைக்கிறது.

கிரைஸ்லரை ஏற்கெனவே விழுங்கியிருந்த ஜெர்மனியின் டைம்லர் 2000ல் வந்து 34 சதவீதம் வாங்கியது. அமெரிக்காவில் விற்பனையை ஊதிப் பெருக்க, முன்பணம் வேண்டாம், வட்டி வேண்டாம், ஒரு வருடத்துக்குத் தவணையும் வேண்டாம் என்று கார் கொடுத்தார்கள். இளைஞர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு வருடம் கழித்துத் தவணை கட்டவில்லை. இந்த நஷ்டமும், கீழே சொல்லப்போகும் மறைப்புக் கதையும் சேர்ந்துகொள்ள, 2004ல் மேற்கொண்டு பணம் போட முடியாது என்று டைம்லர்கிரைஸ்லர் கைவிரித்தது, 2005ல் மொத்தமாக வெளியேறியது. குழுமத்தின் மற்ற கம்பெனிகள், அதாவது வங்கியும் ஹெவியும் கார்ப்பரேஷனும், முட்டுக்கொடுத்துக் காப்பாற்றின. அதன் பிறகு அடிலெய்டு தொழிற்சாலை 2008ல் மூடல், நெதர்லாந்து தொழிற்சாலை 2012ல் கைமாற்றம், அமெரிக்காவின் நார்மல் நகரத் தொழிற்சாலை 2015ல் மூடல் என்று கம்பெனி சுருங்கிக்கொண்டே வந்தது. 2016ல் நிசான் 34 சதவீதத்தை வாங்கியது. 2024ல் அந்தப் பங்கும் சுமார் 24 சதவீதமாகக் குறைந்தது.

இப்போது உங்கள் வண்டியின் வருடத்தை இதில் வைத்துப் பாருங்கள். 90களில் வடிவமைத்த வண்டி என்றால் எஞ்சின் கட்டுமானத்துக்குக் காசு செலவழித்த காலத்துப் பிள்ளை. 2000களின் நடுவில் வந்தது என்றால், கம்பெனி கையில் பணமில்லாமல் தவித்த நேரத்தில் பிறந்தது, உள் அலங்காரம் மலிவாக இருப்பதையும் ஒரே மாடலை வருடக்கணக்காக இழுத்ததையும் நீங்களே பார்க்கலாம். இது துல்லியமான விதி இல்லை, ஆனால் ஷோரூம் பேச்சைவிட மேல்.

பந்தயப் புகழில் எவ்வளவைக் கழிக்க வேண்டும்

1974லும் 1976லும் கென்யாவின் சஃபாரி ராலியை லான்சர் 1600 ஜிஎஸ்ஆரில் ஜெயித்தவர் ஜோகிந்தர் சிங், கென்யாவில் பிறந்த சீக்கியர். சேறு, பள்ளம், புழுதி என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் அந்தப் பந்தயத்தில், கடையில் விற்கும் காருக்கு நெருக்கமான ஒரு வண்டி ஜெயித்தது. இந்த மாதிரி வெற்றிக்கு முழு மதிப்பு கொடுக்கலாம்.

டக்கார் கதை கொஞ்சம் வேறு. பஜேரோ 1982ல் சந்தைக்கு வந்தது, 1985ல் முதல் டக்கார் வெற்றி, 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு வெற்றி. 2001ல் ஓட்டிய யூட்டா கிளைன்ஷ்மிட் அந்தப் பந்தயத்தை ஜெயித்த முதல் பெண். கேட்கவே ஜோராக இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த வருடங்களில் ஓடியவை பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகள், முகம் மட்டும்தான் பஜேரோ. உங்கள் ஊர் பஜேரோ ஸ்போர்ட்டோ அதற்கும் தூரத்துச் சொந்தம், அது லாரி மாதிரி ஏணிச் சட்டத்தில் நிற்கும் பிக்கப் வண்டியின் உடன்பிறப்பு. மோசமான வண்டி என்று சொல்லவில்லை, முரட்டு வண்டிதான். டக்காரை அதன் விலையில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

லான்சர் எவோ மட்டும் விதிவிலக்கு. ராலியில் ஓட்ட வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்ற விதிக்காக 1992ல் பிறந்த கார் அது. டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு உலகப் பட்டம் வாங்கியது எவோவில்தான், உள்ளே இருந்த 4ஜி63 டர்போ எஞ்சின் கடைக் காரிலும் இருந்தது. அதனாலேயே போலிகளும் அதிகம். சாதா லான்சருக்குப் பின்னால் பெரிய இறக்கையும் எவோ பட்டையும் ஒட்டி விற்பார்கள். சேஸிஸ் எண்ணைப் பாருங்கள், சிடி9ஏ (CT9A) என்று தொடங்கினால் எவோ 7 முதல் 9 வரை, சிஇசட்4ஏ (CZ4A) என்றால் எவோ 10. சிஎஸ் (CS) என்று தொடங்கினால் இறக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது குடும்பக் கார்தான்.

மறைத்த கதையைப் படிக்கும் முறை

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் "ஏமாத்துன கம்பெனி" என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு குற்றங்கள் கலந்துவிடுகின்றன, இரண்டும் வாங்குபவரைத் தொடும் விதம் வேறு.

முதலாவது, 2000ல் வெளியே வந்தது. பேர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவலை வைத்து ஜப்பான் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். புகார்களுக்கு இரட்டைக் கணக்கு இருந்தது. அமைச்சகத்துக்குக் காட்ட ஒன்று, காட்டாமல் இருக்க ஒன்று. காட்டாதவை ஊழியர்கள் சட்டை மாட்டி வைக்கும் லாக்கர் அறையில் இருந்தன. 1977 முதலே இப்படித்தான் நடந்துவந்தது என்று கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டது. புகார் வந்த வண்டியை மட்டும் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள், அதே குறை உள்ள மற்ற வண்டிகளின் சொந்தக்காரர்களுக்குச் சேதியே போகாது.

தலைவர் பதவி விலகினார், மன்னிப்புக் கேட்டார்கள், விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி லாரி ஒன்றின் முன்சக்கரம் கழன்று உருண்டுபோய், நடைபாதையில் குழந்தைகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு தாய்மேல் மோதி அவர் இறந்துபோனார். சக்கரத்தைத் தாங்கும் ஹப் விரிசல் விட்டிருந்தது. சரியாகப் பராமரிக்காததுதான் காரணம் என்று லாரிக்காரர்கள் மேல் பழியைப் போட்டார்கள். 2004 மார்ச்சில்தான், அப்போது தனியாகப் பிரிந்திருந்த ஃபூசோ, இது வடிவமைப்புக் குறை என்று ஒப்புக்கொண்டது. 2000ல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்றது பொய் என்றும் தெரிந்தது. அந்த வருடம் முன்னாள் தலைவரே கைதானார்.

பழைய வண்டி வாங்குபவருக்கு இதில் என்ன? நேரடியான ஒரு விஷயம் இருக்கிறது. 2004க்கு முந்தைய மிட்சுபிஷிக்கு ரீகால் பட்டியலை, அதாவது குறை உள்ள வண்டிகளைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்ட பட்டியலைப் பார்த்து, எதுவும் இல்லை, அதனால் குறையில்லை என்று முடிவு செய்யக்கூடாது. காகிதத்தை நம்பாமல் உலோகத்தைப் பார்க்க வேண்டிய வண்டி அது. பொதுவாகவே நம் ஊரில் ஒரு தலைகீழ்ப் பழக்கம் இருக்கிறது, ஒரு கம்பெனி ரீகால் அறிவித்தால் "அய்யோ கோளாறு வண்டி" என்கிறோம், அறிவிக்காத கம்பெனியை நல்லது என்கிறோம். ரீகால் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். குறை தெரிந்த நாளுக்கும் ரீகால் அறிவித்த நாளுக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று பாருங்கள்.

இரண்டாவது குற்றம் 2016ல் வந்தது, அது மைலேஜ் மோசடி. மிசுஷிமா தொழிற்சாலையில் செய்த ஈகே வேகன், அதையே நிசானுக்காகச் செய்து கொடுத்த டேஸ் என்று 660 சிசி குட்டிக் கார்கள், மொத்தம் 6,25,000. நிசான் தானாக அளந்து பார்த்தபோது எண் இடித்தது, அங்கிருந்து பிடிபட்டது.

எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டியது. சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் காரை ஓட்டி மைலேஜ் அளக்கும்போது, நிஜச் சாலையில் காற்றும் டயரும் எவ்வளவு இழுக்கும் என்ற எண்ணை உருளைக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகக் காரை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று பல தடவை அளப்பார்கள். நடுவான எண்ணை எடுக்காமல் தங்களுக்குச் சாதகமான குறைந்த எண்ணை எடுத்துக் கொடுத்தார்கள். சில மாடல்களுக்கு ஓட்டிப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்தே கணக்குப் போட்டார்கள். லிட்டருக்கு 26.4 கிலோமீட்டர் என்று தொடங்கிய இலக்கை மேலிடம் ஐந்து தடவை உயர்த்தி 29.2ல் கொண்டுபோய் நிறுத்தியது, கீழே இருந்தவர்கள் முடியாது என்று சொல்லத் துணியவில்லை. அளக்கும் முறையிலேயே விதிமீறல் 1991ல் தொடங்கியிருந்தது. இதைவிட எனக்கு ஆத்திரம் வரவழைப்பது அடுத்தது. மோசடி வெளியே வந்து, மறுபடி ஒழுங்காக அளந்து கொடுங்கள் என்று சொன்னபோதும், மற்ற மாடல்களுக்கு அதே மாதிரி குறைந்த எண்களைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள், அமைச்சகம் மறுபடி சோதனை போட்டது.

ஆனால் வாங்குபவர் கண்ணால் பார்த்தால் இது முதல் குற்றம் மாதிரி இல்லை. சக்கரம் கழலாது, பிரேக் போகாது, மைலேஜ் சொன்னதைவிடக் குறையும், அவ்வளவே. கொழும்பில் ஒரு டேஸ் விலைக்கு வந்தால் அது நிசான் பேரில் இருந்தாலும் மிட்சுபிஷியின் கைவேலை என்று தெரிந்துகொண்டு, மைலேஜை மட்டும் இப்போது வைத்திருப்பவரின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பெனிகள் உத்தமர்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2017ல் நிசானில் தகுதியில்லாத ஆட்கள் இறுதிச் சோதனை செய்தது வெளிவந்தது, 2023 டிசம்பரில் டொயோட்டாவின் டைஹாட்சு பாதுகாப்புச் சோதனை மோசடியால் எல்லா மாடல்களின் அனுப்புதலையும் நிறுத்த வேண்டியிருந்தது. எந்தப் பேரை எடுத்தாலும் குற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது உலோகத்தில் நடந்ததா காகிதத்தில் நடந்ததா என்றும் பாருங்கள்.

சரி, இப்போது பானெட்டைத் திறக்கலாம்

எங்கே கட்டியது என்பதிலிருந்து தொடங்குங்கள். 17 எழுத்து சேஸிஸ் எண் இருந்தால், ஜே என்ற எழுத்தில் தொடங்குவது ஜப்பான், எம்ஏ முதல் எம்இ வரை இந்தியா, எம்எல் முதல் எம்ஆர் வரை தாய்லாந்து. ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்து பிறகு ஏற்றுமதியான வண்டிக்கு 17 எழுத்து இருக்காது, மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு வரிசை எண் என்று இருக்கும். இலங்கைக்கு வரும் பழைய வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. நம் பக்கத்து லான்சர் 1998லிருந்து திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் கட்டியது. அதே வளாகத்தில்தான் பிற்பாடு சிட்ரோயன் கார்கள் செய்யத் தொடங்கினார்கள்.

பழைய பஜேரோ, டெலிகா, எல்300 வேன், பிக்கப் எல்லாவற்றிலும் பரவலாக இருப்பது 4டி56 என்ற 2.5 லிட்டர் டீசல். நல்ல எஞ்சின், ஆனால் இரண்டு இடத்தில் கவனம். ஒன்று பெல்ட். பெரிய டைமிங் பெல்ட்டோடு, மேலே சொன்ன பேலன்ஸர் ஷாஃப்ட்டுக்கென்று ஒரு சின்ன பெல்ட்டும் உண்டு. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரியதை மட்டும் மாற்றிவிட்டு சின்னதை விட்டுவிடுவார்கள். சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் எஞ்சின் தலை போய்விடும். பில்லில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் பெல்ட் மாற்றினால், எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று எழுதி எஞ்சின் அறையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் உண்டு. அழுக்கைத் துடைத்துவிட்டு அதைத் தேடுங்கள். ஸ்டிக்கரில் 1,00,000 என்றும் மீட்டரில் 82,000 என்றும் இருந்தால் அதற்குமேல் அந்த ஆளிடம் பேச எதுவுமில்லை.

இரண்டாவது, சிலிண்டர் ஹெட் விரிசல். இதற்கு வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதனால் காலையில் போங்கள், "சார் வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய நிலையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், அல்லது மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால், எரிந்த வாயு தண்ணீர்ப் பக்கம் கசிகிறது. இந்தியப் பஜேரோ எஸ்எஃப்எக்ஸில் இருப்பது 2.8 லிட்டர் 4எம்40, அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது முன்பக்கத்தில் சங்கிலி உரசும் கடகட சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஹெட் சோதனை இதற்கும் பொருந்தும்.

பெட்ரோலில் 1996ல் உலகிலேயே முதன்முதலாகப் பெரிய அளவில் நேரடி ஊசி எஞ்சினைக் கொண்டுவந்தது மிட்சுபிஷி. ஜிடிஐ என்று வண்டியிலேயே எழுதியிருக்கும். இன்று எல்லா கம்பெனியும் போகும் வழி அதுதான், ஆனால் முதலில் போனவன் காலில்தான் முள் குத்தும். பெட்ரோல் வால்வின் பின்பக்கத்தைக் கழுவாமல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் உள்ளே கரி படியும், ஐட்லிங்கில் எஞ்சின் இருமும், உயர் அழுத்த பம்ப் நம் ஊர் பெட்ரோலின் தூசியைத் தாங்காது. பழைய ஜிடிஐ வண்டியை, அதைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தால் ஒழிய வாங்காதீர்கள் என்பேன். மாறாக 4ஜி15 என்ற சாதாரண 1.5 லிட்டர் எஞ்சின் உள்ள லான்சர் தெரு மெக்கானிக்குக்கும் வசப்படும்.

ஏர்பேக்கையும் மறக்காதீர்கள். வெடிக்கும்போது உலோகத் துண்டு சிதறும் டகாட்டா கம்பெனி ஏர்பேக் லான்சர், பஜேரோ, டிரைட்டன் பிக்கப் என்று பல மிட்சுபிஷிகளில் இருந்தது. சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், மாற்றாமல் இருந்தால் அது பேரம் பேச வேண்டிய விஷயம் இல்லை, மாற்றிய பிறகே வண்டியை ஓட்ட வேண்டும்.

ஜப்பான் ஏலத்தில் எடுத்த வண்டி என்றால், வண்டியின் நிலையைச் சோதித்து எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள், நகலை நம்பாமல் சேஸிஸ் எண்ணை வைத்து நீங்களே தனியாக வரவழைப்பது நல்லது. 4, 4.5 என்று மதிப்பெண் இருந்தால் சரி, ஆர் என்று இருந்தால் அடிபட்டு சட்டம் சரிசெய்த வண்டி. கார் படத்தில் எக்ஸ்எக்ஸ் என்று குறித்த பாகம் மாற்றப்பட்டது, டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்தது, எஸ் என்றால் துரு. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து பஜேரோக்கள் மலிவாக தெற்கே இறங்குகின்றன. அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்றும் (என்ஓசி), இங்கே மறுபதிவுக்கு ஆகும் வரியும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவில் பாதி காணாமல் போயிருக்கும்.

கடைசியில் பார்ட்ஸ்தான் தீர்மானிக்கும்

இந்தியாவில் 2020ல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததோடு புது மிட்சுபிஷி விற்பனை ஓய்ந்துவிட்டது. ஜப்பானிலேயே பஜேரோ உற்பத்தி 2021ல் நின்று, அதைச் செய்த கிஃபு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இலங்கையில் நிலைமை வேறு, லான்சரும் மான்டெரோவும் (பஜேரோவுக்கு அங்கே அந்தப் பேர்) டெலிகாவும் இத்தனை வருடம் ஓடிய ஊரில், கொழும்பின் பார்ட்ஸ் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போனால் கிடைக்காத பாகம் குறைவு. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எஞ்சின் சாமான் தேடிப் பிடிக்கலாம், பாடி சாமான்தான் ஆளைக் கொல்லும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். சேஸிஸ் எண்ணை எழுதிக்கொண்டு உங்கள் ஊர்ப் பார்ட்ஸ் கடை இரண்டுக்குப் போன் போட்டு, டைமிங் பெல்ட் செட், முன் சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம், ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, இந்த நாலுக்கும் விலையும் எத்தனை நாளில் வரும் என்பதும் கேளுங்கள். முதல் இரண்டும் அன்றைக்கே கிடைக்கும் என்பார்கள். ஹெட்லைட்டுக்கு "ஆர்டர் போட்டாத்தான் சார், சொல்ல முடியாது" என்று பதில் வந்தால், அந்த வண்டியை வாங்கினாலும் தினமும் ஆபீசுக்கு ஓட்டும் ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள முடியாது, வீட்டில் இரண்டாவது வண்டி இருந்தால் மட்டும் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.